கடற்பஞ்சுக்கு ஏன் அத்தனை வாய்

அந்தக் காலத்தில் மீனும் ஆமையும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தன. முத்துக் குளிக்கப் போகிறவன் தன் இடுப்புக் கயிற்றின் மறு நுனியை மனைவியின் அண்ணனிடமோ தம்பியிடமோதான் கொடுப்பான். தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான் என்ற நம்பிக்கைதான்.

கொம்பனுக்குக் கயிறு பிடித்தவன் உடையான். அவன் தங்கை இருளாயியைக் கொம்பனுக்குக் கட்டிக்கொடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"பார்த்துக்கங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கொம்பன் தண்ணீருக்குள் போனான்.

சற்று நேரத்தில் பக்கத்துத் தோணியில் ஒரே கூச்சல். யாரோ திறந்த சிப்பியில் புன்னைக்காய் அளவு முத்து இருந்தது. உடையான் கயிற்றைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். அப்படி ஒரு முத்தை அவன் கண்டதே இல்லை.

முரல் மீன் ஒன்று தலையைத் தூக்கிக் கத்தியது.

"உடையா, கயிறு துடிக்குது!"

"இந்தா, இழுக்கிறேன்" என்றான். ஆனால் கண் முத்தை விட்டு வரவில்லை.

அவன் குனிந்து இழுத்தபோது கயிறு கனமில்லாமல் வந்தது. பாறையில் அறுந்த நுனி மட்டும்தான் வந்தது. கூட வந்தவர்கள் குதித்துத் தேடினார்கள். ஆள் கிடைக்கவில்லை.

தோணி கரைக்குத் திரும்பியது. இருளாயி முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, கண்மேல் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அவரு எங்கண்ணே?"

உடையான் கடலில் குதித்து, வந்த வழியே நீந்தினான்.

கடலடிப் பாறைத் திட்டான பவளப்பாரின் இடுக்கெல்லாம் நுழைந்து தேடினான். பார் உரசி உடம்பு முழுக்கச் சிவந்துபோனது. எதிரே வந்த ஆமை சொன்னது:

"அவனை நீரோட்டம் கொண்டுபோயிட்டுது. நீ மேலே போ."

"போய் அவகிட்ட என்ன சொல்ல?"

ஆமை விலகி நீந்திப் போனது.

தோணிகளின் நிழல்கூடத் தன்மேல் விழக் கூசி, அவன் பாரின் அடியில் இருட்டுக்குள் ஒண்டினான். அங்கிருந்து "மாப்பிள்ளை! மாப்பிள்ளை!" என்று கூப்பிட்டான். வாய்க்குள் தண்ணீர் புகுந்தது. ஒரு வாய் போதாமல் தோளில் ஒரு வாய் திறந்தது, பிறகு மார்பில், முதுகில். கால்கள் பாறையோடு ஒட்டிக்கொண்டன. கண்கள் மூடிப்போயின. அவன் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

அன்று முதல்தான் சிவப்புக் கடற்பஞ்சு வெயில் படாத பாரடியில் ஒட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் வாயாக நிற்கிறது. தண்ணீர் உள்ளே போகிறது, வெளியே வருகிறது. குரல் மட்டும் வருவதில்லை.