புளி போட்டு விளக்கிய காசு

அந்தக் காலத்தில், ஆமையும் நண்டும் ஈயும் ஒரே சந்தையில் நின்று விலை பேசிக்கொண்டிருந்த காலத்தில், அமராவதி ஆற்றங்கரையில் பூவாத்தாள் என்று ஓர் ஈ இருந்தாள். அப்போதெல்லாம் ஈ என்றால் இப்போது நாம் விரட்டுகிற பொடிசு இல்லை, சிட்டுக்குருவி அளவுக்கு இருக்கும். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். பூவாத்தாள் வீட்டுச் செம்பில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

அந்த ஆற்றில் வெள்ளம் வடிந்தால் மணலுக்கடியில் பழைய ராஜாக்களின் காசு கிடைக்கும். நண்டுகள் தோண்டி எடுத்து வரும். பூவாத்தாளுக்கு அந்தக் காசின் மேல் ஆசை விழுந்துவிட்டது. தனக்காக இல்லை, அதை எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். இன்றைக்குச் செல்லாத காசு போகப் போக விலை ஏறும், ஒரு பானை நிறையச் சேர்த்து வைத்துவிட்டால் தன் வம்சம் உட்கார்ந்து சாப்பிடும் என்பது அவள் கணக்கு. நல்ல கணக்குதான். நண்டுகளுக்குக் கூலியாகப் போனது என்னவோ பிள்ளைகளுக்கு வைத்திருந்த வெல்லம். அரை வயிற்றோடு படுத்து அரை வயிற்றோடு எழுந்த பிள்ளைகள் அரை உடம்போடு நின்றுபோனார்கள். மூத்தவள் செல்லாயி கல்யாணமாகிப் போகும்போது அம்மாவின் தோளுக்குக்கூட இல்லை. பூவாத்தாள் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு இன்னொரு காசு வாங்கினாள்.

ஒருமுறை சந்தைக்குப் போனபோது காசு ஒன்றைக் கையோடு கொண்டுபோனாள். பழங்காசு வாங்கி அரண்மனைக்கு விற்கிற ஆமை அங்கே கடை போட்டிருந்தது. பச்சை பூத்து, மண் அப்பிக் கிடந்த அந்தக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஆமை, ஒரு பானை வெல்லம் தருவதாகச் சொன்னது. விற்க அவள் வரவில்லை, விலை தெரிந்துகொள்ளத்தான் வந்தாள். திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. இத்தனை அழுக்கோடு இருக்கும்போதே ஒரு பானை என்றால், பளபளவென்று இருந்தால் எத்தனை பானை? ஆமை தன்னை ஏமாற்றப் பார்த்திருக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டாள்.

அன்றே புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு காசாக இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். பச்சை போய்ச் செம்பு சிவந்து வந்தது. அதைப் பார்த்து அவளுக்கு வந்த சந்தோஷம் பிள்ளை பெற்றபோதுகூட வந்ததில்லை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பொழுது விடிந்தாலும் தேய்ப்பாள், பொழுது சாய்ந்தாலும் தேய்ப்பாள். காசில் இருந்த ராஜாவுக்கு முதலில் மூக்கு போனது, பிறகு கிரீடம் போனது. பளபளப்பில் மயங்கிக் கிடந்தவளுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

அப்புறம் மழை பொய்த்தது. கரும்பெல்லாம் காய்ந்து, வெல்லம் என்பது இல்லாதவர் வீட்டில் பேச்சில் மட்டும் இருந்தது. செல்லாயி கைக்குழந்தையோடு அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“ஒரே ஒரு காசு குடு ஆத்தா. வித்து இவனுக்கு ஒரு வாய் வெல்லம் வாங்கிக்கறேன்.”

“அது உனக்கும் இல்ல, இவனுக்கும் இல்ல அம்மணி. உன் பேரன் பேத்திக்குச் சேத்து வெச்சது. நடுவுல கை வெக்கக் கூடாது.”

“இவன் போயிட்டா எனக்குப் பேரன் எங்கிருந்து வருவான்?”

பூவாத்தாள் குழந்தையிடம் குனிந்தாள். குழந்தைக்கு இறக்கை விரிக்கக்கூடத் தெம்பில்லை என்பதை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள். காசுப் பானையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் பறந்தாள்.

ஆமை பானையைக் கவிழ்த்தது. ஒரு காசை எடுத்துப் பார்த்தது, கீழே வைத்தது, இன்னொன்றை எடுத்தது.

“இதுல ராஜா எங்க அம்மணி?” என்றது.

“நல்லா விளக்கி வெச்சிருக்கேனுங்க. எப்படிப் பளபளன்னு இருக்குது பாருங்க.”

“முகமும் இல்ல, எழுத்தும் இல்ல. யாரு காசுன்னு நான் அரண்மனையில போய்ச் சொல்றது? அந்த முகத்துக்கும் மேல படிஞ்சிருந்த பச்சைக்கும்தான் அன்னிக்கு ஒரு பானை சொன்னேன். அதையெல்லாம் தேய்ச்சுக் கழுவி ஊத்திட்டு வெறும் செம்பைத் தூக்கிட்டு வந்திருக்கறயே. இந்தப் பஞ்சத்துல செம்பை வாங்கி யாரு திங்கறது?”

சொல்லிவிட்டு ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

பூவாத்தாள் அழவில்லை. அழுதிருந்தாலாவது வீட்டுக்குத் திரும்பியிருப்பாள். போன அழுக்கை மறுபடி ஏற்றிவிடலாம் என்று அவள் புத்திக்குப் பட்டது. சந்தைக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் இறங்கி, கிடைத்ததை அள்ளிக் காசில் வைத்துத் தேய்த்தாள். ஒட்டவில்லை. சாணியில் தேய்த்தாள், சாக்கடையில் தேய்த்தாள். விளக்கி விளக்கி வழவழவென்று ஆகியிருந்த காசில் எதுவும் நிற்கவில்லை.

செல்லாயி தேடிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, பூவாத்தாள் ஆற்றோரம் செத்துக் கிடந்த மாட்டின் மேல் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். செல்லாயியின் கையில் குழந்தை இல்லை.

“பையன் போயிட்டான் ஆத்தா.”

பூவாத்தாள் நிமிரவே இல்லை. “கொஞ்சம் பொறு அம்மணி. படிஞ்சுட்டு வருது.”

செல்லாயிக்கு அம்மாவைத் திட்டக்கூட உடம்பில் சீவன் இல்லை. பசி வேறு. அந்த மாட்டின் மேலேயே உட்கார்ந்து ஒரு வாய் தின்றாள். பிறகு அவளுக்குப் பிறந்ததுகளும் அங்கேயே தின்று, பூவாத்தாள் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் செய்து, தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துப் பொடிசாகிப் போயின. காசெல்லாம் எந்தக் குப்பையில் விழுந்து தொலைந்ததோ, யாரும் தேடவும் இல்லை.

அன்று முதல்தான் ஈ அழுக்கைக் கண்டால் இறங்கிவிடுகிறது, இறங்கியதும் இரண்டு கையையும் சேர்த்துத் தேய்க்கிறது. பூவாத்தாள் தன் வம்சத்துக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான்.