ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக் கம்ப்யூட்டர்

சாரல் மாதங்களில் குற்றாலத்து மலையடிவாரத்தில் மேகம் கேட்காமலே வீட்டுக்குள் வந்துவிடும். நல்லபெருமாள் வீட்டுக்கு வந்த மேகம் ஒன்று சாய்வு நாற்காலியில் படுத்து, சாப்பாட்டு நேரத்துக்குக்கூட எழுந்திருக்கவில்லை. விருந்தாளியை எழுப்புவானேன் என்று அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நல்லபெருமாள் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற ரயிலையெல்லாம் நிறுத்திப் பழகியவர், இப்போது தன்னை நிறுத்தப் பழகிக்கொண்டிருந்தார். அதற்காக அருவிக்குப் போகிற வழியில் குடிசை போட்டிருந்த திருமலைக்குமாரசாமியிடம் போய்வந்தார்.

குமாரசாமிக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. சுருட்டை முடி, அழுக்கு வேட்டி. சொல்லித்தருவது ஒன்றே ஒன்றுதான்: சும்மா உட்காருவது. சீடர் குருவைச் 'சாமி' என்பார். குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார்.

அசையாமல் உட்காருவதில் அண்ணாச்சி கெட்டிக்காரர். ஒருமுறை அவர் தோளில் மைனா கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சுகளைப் பறக்கவிட்ட பிறகுதான் அவர் எழுந்தார் என்று பேச்சு உண்டு. மைனாவைக் கேட்டால் இன்னும் கூடுதலாகச் சொல்லும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் கையில் இருந்த குடையை விரிக்க மறந்து நனைந்துகொண்டே வந்தார்.

"சாமி, வீட்டுக் கம்ப்யூட்டர் செத்துச் செத்துப் பொழைக்குது."

குரு நகர்ந்து இடம் கொடுத்தார். அண்ணாச்சி சொல்லத் தொடங்கினார்.

மகள் செண்பகம் நார்வேயில் இருக்கிறாள். தானாகவே ஒருவனைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அண்ணாச்சி போகவில்லை. ரொம்ப நாள் பேச்சில்லாமல் இருந்து, இந்த வருஷம்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். நாலு வார்த்தை பேசுவதற்குள் பெட்டி பொட்டென்று அணைந்துவிடுகிறது.

டவுனில் கடை வைத்திருக்கிற சாகுல் முதலில் ராம் மாற்றினார். அணைந்தது. பவர் சப்ளை மாற்றினார். அணைந்தது. மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், உள்ளே சுற்றுகிற விசிறி என்று ஒவ்வொன்றாகப் புதுசு போட்டார். பழையது என்று இப்போது மிச்சமிருப்பது வெளிப்பெட்டியின் தகரம் மட்டும்தான். அது சாகுல் கடையில் விடிய விடிய ஓடும். வீட்டுக்கு வந்தால் அணையும். கடையில் சமர்த்தாக இருக்கிறது, உங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்த புதுப்பெண் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று சாகுல் கேலி செய்தாராம்.

கேலியோடு போயிருந்தால் அண்ணாச்சி தாங்கியிருப்பார். போன வாரம் அணைந்ததும் அவருடைய பட்டன் போன் அடித்தது. செண்பகம்தான். அவள் சொன்னதை அண்ணாச்சி குருவிடம் அப்படியே ஒப்பித்தார்.

"ஸ்டேஷன் மாஸ்டர் புத்தி போகலப்பா உங்களுக்கு. பிடிக்காத வண்டி வந்தா சிவப்பு விளக்கு போட்டுடுறீங்க. வர்ற ஞாயிறு கடைசியா கூப்பிடுவேன். அன்னைக்கும் கட் ஆச்சுன்னா, நீங்கதான் அணைக்கிறீங்கன்னு வெச்சுக்கிறேன். அப்புறம் கூப்பிட மாட்டேன்."

வாசலில் சாரல் கீழே விழ மனமில்லாமல் மிதந்துகொண்டிருந்தது.

"நான் கையைக்கூட அசைக்கல சாமி. உங்களுக்குத் தெரியாதா?"

"அது அணையும்போது பொண்ணு என்ன பேசிக்கிட்டு இருக்கும்?"

ராம் மாற்றிய அன்றைக்கா, மதர்போர்டு மாற்றிய அன்றைக்கா என்று அண்ணாச்சி கேட்டார். என்றைக்காக இருந்தாலும் சரி என்றார் குரு. அண்ணாச்சி யோசித்தார். ஞாபகம் இல்லை என்றார்.

மறுநாள் குரு அவர் வீட்டுக்கு வந்தார். கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அண்ணாச்சியை அதன் முன்னால் உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்துகொண்டு ஊர்க்கதை பேசினார். அருவியில் தண்ணீர் எப்படி, ரயிலில் கூட்டம் எப்படி, மிளகு காய்த்ததா. பெட்டி சீராக ஓடியது. சாய்வு நாற்காலியில் இருந்த மேகம் புரண்டு படுத்தது.

"பொண்ணைக் கட்டினவர் பேரென்ன அண்ணாச்சி?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. திரை கறுத்தது.

மறுபடி போட்டார்கள். மறுபடி ஊர்க்கதை. மறுபடி அதே கேள்வி. திரை கறுத்தது.

அண்ணாச்சிக்கு மயிர்க்கால் குத்திட்டு நின்றது. பெட்டிக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்றார். சாகுலைக் கூப்பிடலாமா, பூசாரியைக் கூப்பிடலாமா என்று தவித்தார்.

"கீழ பாருங்க," என்றார் குரு.

மேஜைக்கு அடியில் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் கையில் சில்லறை குலுங்குகிற மாதிரி அப்படி ஓர் ஆட்டம். அது தன்னுடைய வலது கால் என்று புரிய அண்ணாச்சிக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கால் விரல், சுவரோரம் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இடித்தது. பாக்ஸில் லூசாகத் தொங்கிய பிளக், இடிக்கும்போதெல்லாம் தலையாட்டியது.

"எனக்குக் காலாட்டுற பழக்கமே கிடையாது சாமி."

காலும் அதைக் கேட்டு நின்றுவிட்டது.

இவ்வளவுதானா என்று அண்ணாச்சி உற்சாகமாக எழுந்தார். பிளக்கை அழுத்திச் செருகி, பாக்ஸை மேஜையின் மறுகோடிக்குத் தள்ளினார். குரு கேள்வியைக் கேட்டார். கால் மறுகோடிக்குப் போனது. இன்னும் தள்ளினார், கால் இன்னும் நீண்டது. அன்றைக்கு அந்தக் கால் ஒரு முழம் வளர்ந்தது என்பதற்குச் சாட்சி உண்டு, அவருடைய வலதுபக்கச் செருப்பு அதற்குப்பின் அவருக்குச் சேரவே இல்லை. துண்டை எடுத்துக் காலை நாற்காலியோடு கட்டினார். நாற்காலி ஆடியது, மேஜை ஆடியது, வயர் இழுபட்டது. திரை கறுத்தது.

அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். துண்டின் முடிச்சை அவிழ்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை நீங்க வந்து இந்தக் காலைப் புடிச்சுக்கணும் சாமி."

"புடிச்சுக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குரு மேஜைக்கு அடியில் புகுந்தார். அண்ணாச்சி உட்கார்ந்தார். கணுக்காலில் ஒரு கை வந்து பதிந்தது. திரையில் செண்பகம் வந்தாள்.

மகள் முதலில் ஊர்க்கதைதான் பேசினாள். அங்கே இப்போது இரவிலும் வெயில் அடிக்கிறதாம். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டுத்தான் தூங்குகிறார்களாம். தெருவில் நடக்கிறவர்களுக்கு நிழல் களைத்துப் போய்ப் பின்னால் தங்கிவிடுகிறதாம். கதை அளப்பதில் அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே.

பிறகு பேச்சை நிறுத்தினாள். அணைவதற்கு நேரம் கொடுக்கிறவள் மாதிரி காத்திருந்தாள்.

"அப்பா, தாவீது உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்."

அண்ணாச்சியின் வலது தொடை துடித்தது. துடிப்பு முழங்காலில் இறங்கியது. கணுக்காலைச் சாமியின் பிடி இறுக்கிக்கொண்டிருந்தது. சுடச்சுட, இரும்பு மாதிரி. கால் அசையவில்லை. திரை அணையவில்லை.

செண்பகத்துக்குப் பின்னாலிருந்து ஒரு நெடிய ஆள் குனிந்து திரைக்குள் வந்தான். சட்டைப் பட்டனை மேல்வரை போட்டிருந்தான். வணக்கம் சொன்னான். மேற்கொண்டு பேச்சு வராமல் மனைவியைப் பார்த்தான். கேளுங்களேன் என்று அவள் முழங்கையால் இடித்தாள்.

"உங்களை நான் என்னன்னு கூப்பிடுறது? சார்னா ஆபீஸ் மாதிரி இருக்கு. வேற எதுவும் நானா கூப்பிட்டா நீங்க கோவிப்பீங்களோன்னு… அதைக் கேக்கத்தான் ஒவ்வொரு வாரமும் வருவேன். அதுக்குள்ள லைன் போயிடும்."

மேகம் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அண்ணாச்சியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். அந்த முகம் அங்கேயே நின்றது.

"எல்லாரும் எப்படிக் கூப்பிடுவாங்களோ அப்படித்தான்," என்றார். திரையை நோக்கிக் குனிந்தார். "மாமான்னு கூப்பிடுங்க மாப்பிள்ளை."

செண்பகம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் வெகுநேரம் பேசினார்கள். அருவியைப் பற்றி, அங்கே கிடைக்கிற மீனைப் பற்றி, அடுத்த சாரலுக்கு அவர்கள் வருவதைப் பற்றி. கடைசியில் கையசைத்து, அவர்களாகத்தான் அணைத்தார்கள்.

அண்ணாச்சி மேஜைக்கு அடியில் குனிந்து குரல் கொடுத்தார். இரண்டு தடவை கூப்பிட்ட பிறகு குரு வெளியே வந்தார். தலையில் ஒட்டடை. அண்ணாச்சி அப்படியே அவர் காலில் விழுந்தார்.

"கடைசி வரைக்கும் புடியை விடாம இருந்தீங்களே சாமி. அந்தப் பேர் வந்தப்போ நீங்க மட்டும் கையை எடுத்திருந்தா, என் பொண்ணு போயிருப்பா."

குரு கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"எந்தப் பேரு அண்ணாச்சி? அந்த ஊர்ல ராத்திரியிலும் வெயில்னு சொல்லுச்சே, அப்பவே நான் தூங்கிட்டேன்."