ராணிக்குத் தோட்டம், ராஜாவுக்குக் களை

ஒரு காலத்துல தேன்கரை நாட்டைக் கொற்றவேலன்னு ஒரு ராஜா ஆண்டார். ஆண்டார்னு நான் மரியாதைக்குச் சொல்றேன். பொழுது விடிஞ்சாலும் கவுதாரிச் சண்டை, பொழுது சாய்ஞ்சாலும் கவுதாரிச் சண்டை. பந்தயம் கட்டிக் கட்டியே கஜானா அதுல கரைஞ்சு போச்சு. மனசு தங்கம்தான், ஆனா ஒண்ணு பிடிச்சுட்டா வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

அவரோட ராணி கோதைநாச்சியார் பிரசவத்துக்குத் தாய்வீடு போனாங்க. பெண் குழந்தை பிறந்து, அது தவழவும் ஆரம்பிச்சாச்சு. ராணி மட்டும் திரும்பி வரலை. ராஜா பல்லக்கு அனுப்பினார். பல்லக்கு காலியா வந்துச்சு. கூடப் போன தாதி, ராணி சொன்னதை அப்படியே தயங்கித் தயங்கிச் சொன்னா.

"கல்யாணமான புதுசுல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வெச்ச மல்லிகைப் பந்தல் இப்ப எப்படியிருக்குன்னு அவர் போய்ப் பார்க்கட்டும். அந்தத் தோட்டத்துல பாம்புதான் குடித்தனம் பண்ணுது. என் மக தவழ அங்க இடம் இருந்தா சொல்லியனுப்புங்க, வர்றேன்னு சொன்னாங்க மகாராஜா."

ராஜா ஓடிப்போய்ப் பார்த்தார். அடேயப்பா! முள்ளும் எருக்குமா ஆள் உயரத்துக்கு நிக்குது. புல் இடுப்பளவு. நடுவுல பந்தல் இருக்கிற இடமே தெரியலை. அன்னைக்கு அவருக்குச் சோறு இறங்கலை. பெத்த பொண்ணோட முகத்தை இன்னும் பார்க்கலையேன்னு சபையிலேயே கண் கலங்கிட்டார்.

அரண்மனைத் தோட்டங்களுக்கெல்லாம் அதிகாரி மழவராயர். சம்பளம் வாங்குற அன்னைக்குத்தான் அவருக்குத் தோட்டம் ஞாபகம் வரும். அவர் எழுந்து, "பிரபு, இதற்கு நூற்றுக்கணக்கில் ஆள் வேண்டும், வண்டி வேண்டும். ஊருக்குப் புதுவரி போட்டால் முடிந்தது" என்றார்.

மந்திரி விடங்கர் வெற்றிலையை ஒரு கன்னத்துல ஒதுக்கிக்கிட்டார். "வரியும் வேண்டாம், கஜானாவும் வேண்டாம் மகாராஜா. வருகிற பௌர்ணமிக்குள் நான் முடிக்கிறேன்."

"முடியாவிட்டால்?" என்று துள்ளினார் மழவராயர். மந்திரி பதவி மேல அவருக்கு ரொம்ப நாளாவே ஒரு கண்ணு.

"என் முத்திரை மோதிரம் உமக்கு. ஆனால் மகாராஜா, நான் கேட்கும்போது, நான் கேட்கிற ஒரே ஒரு ஆளைச் சம்பளமில்லாமல் எனக்குத் தர வேண்டும்."

"யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும், ஐயா! என் குழந்தை வந்தால் போதும்" என்றார் ராஜா.

விடங்கர் முதல்ல குயவர்களைக் கூப்பிட்டார். அவங்களுக்குச் சூளை எரிக்க முள் கிடைக்காத காலம். வெட்டி அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. அடுத்து ஆட்டுக்காரங்க. மத்த நாள்ல எருவுக்காக வயல்ல ஆட்டை அடைச்சுக் கிடை போட்டா நிலத்துக்காரர்தான் அவங்களுக்கு நெல் அளக்கணும். இது கோடை, வெளியில ஒரு புல் இல்லை. அதனால அவங்களே வந்து கெஞ்சினாங்க. பந்தலைச் சுத்திப் படல் வேலி கட்டிட்டு ஆட்டை உள்ளே விட்டார். புல்லும் தீர்ந்துச்சு, நிலம் பூரா எருவும் ஆச்சு.

அதுக்கப்புறம் பன்றிகளை விட்டார் பாருங்க, மழவராயர் தலையில அடிச்சுக்கிட்டு ஓடினார். "பிரபு! ராணியார் தோட்டத்தில் பன்றி!"

ராஜா முகம் சிவந்து வந்து நின்னார். விடங்கர் அசரலையே!

"மகாராஜா, கோரைப் புல்லை மேலே அறுத்தால் மறுபடி முளைக்கும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. இவர்கள் சாப்பாட்டுக்கே வேலை செய்கிறார்கள், அந்தச் சாப்பாட்டையும் தாங்களே தோண்டிக்கொள்கிறார்கள். நம் அரண்மனையில் இப்படி உழைக்கிற அதிகாரி ஒருவரைக் காட்டுங்கள், பன்றிகளை அனுப்பிவிடுகிறேன்."

ராஜா மழவராயரை மேலும் கீழும் பார்த்தார். அப்படியே திரும்பிப் போயிட்டார்.

பௌர்ணமியும் வந்துச்சு. தோட்டம் பளிச்சுன்னு ஆயிடுச்சு, பந்தல் மட்டும் பாக்கி. மல்லிகையோட கோவைக்கொடியும் வேற என்னென்னமோ கொடியும் பின்னிக் கிடக்கு. மழவராயருக்கு ஒரே கொண்டாட்டம். "பன்றியை விட்டால் மல்லிகையும் போகும். ஆள் வைத்தால் கூலி. மோதிரத்தைக் கழற்றும் ஓய்!"

"இருங்கள். எனக்கு ஒரு ஆள் பாக்கி இருக்கிறது" என்றார் விடங்கர். "இந்தப் பந்தலில் எது நட்டது, எது தானாக வந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் தாய்வீட்டில் இருக்கிறார்."

ராஜா திருதிருன்னு முழிச்சார். "என்னையா சொல்கிறீர்?"

"வேட்டியை மடித்துக் கட்டுங்கள், மகாராஜா."

ராஜா கிரீடத்தைக் கழட்டி விடங்கர் கையில கொடுத்துட்டு, மண்ணுல குத்துக்கால் வெச்சு உட்கார்ந்தார். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகா இருந்துச்சு.

ராஜாவே உட்கார்ந்தப்புறம் மழவராயர் நிக்க முடியுமா? "நானும் வருகிறேன் பிரபு!" ன்னு பாய்ஞ்சு, கைக்குக் கிடைச்சதை வேரோட பிடுங்க ஆரம்பிச்சார்.

"யோவ், விடும்! அது மல்லிகை!" ராஜா கத்தின கத்துல மழவராயர் பின்னாடி விழுந்தார். "நாச்சியார் கையால வெச்சதுய்யா அது! தோட்ட அதிகாரிக்கு மல்லிகைச் செடியே தெரியாதா? இனிமேல் குடத்தைத் தூக்கும். தினமும் இதற்குத் தண்ணீர் ஊற்றுவது உம் வேலை. மோதிரம் விடங்கரிடமே இருக்கட்டும்."

பிடுங்கின வேரை ராஜாவே திரும்ப நட்டு, மண்ணை அணைச்சார். அப்படியே மத்த களையையும் எடுக்கத் தொடங்கினார். வெயில் தாழ்ந்தது கூட அவருக்குத் தெரியலை.

விடங்கர் காலையிலேயே தாதியை அனுப்பி, "நீங்களே வந்து பாருங்கள்" என்று ராணிக்குச் சொல்லிவிட்டிருந்தார். ராணி சத்தமில்லாம வந்து, குழந்தையை மண்ணுல இறக்கி விட்டாங்க. அது விறுவிறுன்னு தவழ்ந்து போய், அப்பாவோட அழுக்கு வேட்டியைப் பிடிச்சு இழுத்துச்சு. ராஜா திரும்பினார். கையெல்லாம் சேறு. தூக்கலாமா வேண்டாமான்னு தெரியாம அப்படியே அழுதுட்டார்.

"அட, தூக்குங்க. மண்ணு ஒண்ணும் பண்ணாது"ன்னாங்க ராணி. சேலையை இழுத்துச் செருகிக்கிட்டாங்க. "கொஞ்சம் தள்ளி உட்காருங்க. இந்தப் பக்கம் நான் எடுக்கறேன்."