மிளகுக் கிடங்கின் கதவு

மருங்கூர் நாட்டை முன்னொரு காலத்தில் வேள்நம்பி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் அவர் மீசையைப் புகழ்ந்தவர் மாலையில் பதவியோடு வீட்டுக்குப் போவார். நாடும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே மிளகு வணிகக் குழு ஒன்று நொடித்துப்போனது. இருப்பை எண்ணி, விற்க வேண்டியதை விற்று, உரியவர்களுக்குப் பங்கிட்டு, குழுவைக் கலைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. மந்திரி செங்கண்ணாரைக் கண்டாலே வயிறெரியும் சபைப் பிரமுகர் திருமேனிநாதர் முந்திக்கொண்டார். மீசையைத் தாராளமாகப் புகழ்ந்துவிட்டு, ஏகாம்பரம் என்பவரை நியமிக்கச் சொன்னார். மனிதர் குழுவின் மிளகுக் கிடங்கு இருக்கும் தெருவைக்கூட மிதித்ததில்லையாம். ஏகாம்பரமும் அப்படியே சத்தியம் செய்தார்.

மலையடிவாரத்து வெள்ளாச்சி சபையில் கைகூப்பி நின்றாள். ஒரு வருட விளைச்சல் முழுவதையும், நாற்பது மூட்டை மிளகை, குழுவை நம்பிக் கொடுத்திருந்தவள்.

"சாமி, இவரு குழுக்காரங்க ஆளுன்னு ஊரே பேசுது. எம் மிளகு அரை வெலைக்கு அவங்க வீட்டுக்கே போயிரும். உப்பளத்துக் கண்காணி உடையானைப் போடுங்க. அவருக்கு முகதாட்சண்யமே கிடையாது" என்றாள்.

ராஜா குழம்பினார். செங்கண்ணார் ஒரு யோசனை சொன்னார்: இருவரும் கிடங்குக்கு வரட்டும், சாவியைக் கொடுப்போம், யார் கதவைத் திறக்கிறார் என்று பார்ப்போம்.

சபையே கிளம்பிப் போனது. உடையான் பூட்டைத் திறந்தார், கதவு அசையவில்லை. தள்ளினார், இழுத்தார், வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். அடுத்து ஏகாம்பரம் வந்தார். இடது காலைக் கதவடியில் கொடுத்து லேசாகத் தூக்கி, தோளால் ஓர் இடி இடித்தார். கதவு திறந்துகொண்டது. திருமேனிநாதர் கைதட்டினார்.

"தெருவையே மிதிக்காதவருக்கு இந்தக் கதவின் சுபாவம் எப்படித் தெரிந்தது?" என்று செங்கண்ணார் கேட்டார்.

ஏகாம்பரத்தைத் துருவிக் கேட்டதில், குழுவில் அவருக்கும் திருமேனிநாதருக்கும் ரகசியப் பங்கு இருந்தது வெளியே வந்தது.

ராஜா அந்த வேலையைச் செங்கண்ணாருக்கே கொடுத்தார். அவர் மறுத்துவிட்டார். தன் மருமகன் அந்தக் குழுவிடம் மிளகு வாங்கிவிட்டு இன்னும் விலை கொடுக்கவில்லை, கதவின் கதையே அவன் சொல்லித்தான் தெரியும் என்று சபையறியச் சொன்னார். ராஜாவுக்கு அது பிடித்துப்போய், தன் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்தினார். பிறகு உடையானை அழைத்தார்.

"கதவைக்கூடத் திறக்கத் தெரியாதவர்" என்று முணுமுணுத்தார் திருமேனிநாதர்.

"அந்தத் தகுதி போதும்" என்றார் ராஜா. "கடைசி மூட்டை போகும்வரை நீர் தினமும் வந்து கதவைத் தூக்கிப் பிடியும்."

உடையான் எண்ணி முடித்தார். எல்லாருக்குமே கொடுத்ததில் முக்கால் பங்குதான் தேறியது. தனக்கு வந்த முப்பது மூட்டையைப் பார்த்த வெள்ளாச்சி, "ஒங்க பேரைச் சொன்னவளே நாந்தான். ஒரு மூட்டை கூடப் போடக் கூடாதா?" என்று கேட்டாள்.

"அதுக்காகத்தாம்மா, ஒன் மூட்டையை மட்டும் ரெண்டு தடவை எண்ணினேன்" என்றார் உடையான்.