ரோவின் எடை

முன்னொரு கணத்தில், காலம் என்று சொல்ல அது போதாது, இரண்டு கனத்த அணுக்கருக்கள் எதிரெதிரே ஓடிவந்து மோதிக்கொண்டன. மோதிய இடத்தில் ஒரு நெருப்புருண்டை எழுந்தது. அதற்குள் அனல் என்பவன் அரசாண்டான். அவன் ஆட்சியில் பிறந்து தொலைத்தவள்தான் ரோ.

ரோ, அணுவைவிடச் சிறிய துகள்களில் மேசான் குலத்துப் பெண். அற்பாயுள் குலம். கண்ணிமைக்கும் நேரம் என்கிறோமே, அது அவர்களுக்குப் பல யுகம். ஆயுள்தான் குறைச்சலே தவிர, கௌரவத்துக்குக் குறைச்சல் இல்லை. குளிர்ந்த இடத்தில் பிறக்கும் ரோக்களுக்கு ஏறக்குறைய ஒரே எடை. வெளியே நிற்கும் தராசு அந்த எடையைப் பார்த்துத்தான் "இவள் ரோ" என்று பெயர் சொல்லும். எடை பொருந்தாவிட்டால் குப்பைதான். சாவைவிட அந்தக் குப்பைக்குத்தான் ரோ பயந்தாள்.

பிறந்ததுமே இடி விழுந்தது. அந்த ஊர்ப் பொடிசுகளான பையான்கள் நாலா பக்கமும் முண்டியடித்தன.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா! மூச்சு முட்டுது."

"எங்கக்கா தள்ளுறது? பின்னாடி அனல் வர்றாரு!"

ஒவ்வொரு இடியிலும் ரோவுக்கு உடம்பு மாறியது. ஒரு தரம் லேசானாள், மறு தரம் கனத்தாள். தேர்க்கூட்டத்தில் மாட்டிய முந்தானை மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுபட்டாள். தன் எடை எது என்று அவளுக்கே தெரியவில்லை.

அனல் சிரித்துக்கொண்டே வந்தான்.

"என்னம்மா ரோ, எடை எவ்வளவு?"

"எங்க குலத்துக்கு ஒரே எடைதான்."

"அது குளிர்ல பேசுற பேச்சு. ஆடிக்காத்துல அம்மியே பறக்குது, நீ எம்மாத்திரம்?"

அவன் நெருங்க நெருங்க, அவளுடைய ஆயுள் இன்னும் சுருங்கியது. அக்கிரமத்தைப் பாருங்கள், இருந்ததே துளி. அதிலும் கை வைத்துவிட்டான்.

ரோ குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. உடையும்போது இரண்டு பையான்களைப் பெற்றுவிட்டுப் போவார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு ரோ அப்போதுதான் அப்படிப் போயிருந்தாள். அவள் பிள்ளைகளைப் பிடித்து ரோ கேட்டாள்: "உங்க அம்மா எப்படி இருந்தா?"

"எந்த அம்மா?" என்றன அவை. முதல் இடியிலேயே எல்லாம் மறந்துவிட்டது. கூட்டத்தோடு கோவிந்தா!

அப்போது ரோவின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"அம்மா, நாங்க பையான் இல்லை."

எலக்ட்ரானும் பாசிட்ரானும்! லட்சத்தில் நாலைந்து ரோக்களுக்கு வாய்க்கும் இரட்டையர். கூட்டத்தின் பிடி அவர்கள்மேல் ஒட்டாது. நெருப்பைத் தாண்டி நேராக வெளியே போய்விடுவார்கள்.

ரோ பரபரத்தாள். "கண்ணுங்களா, தராசுகிட்ட நம்ம குலத்து எடையைச் சொல்லுங்க. மானத்தைக் காப்பாத்துங்க."

"சொல்லத் தெரியாதும்மா," என்றான் எலக்ட்ரான். "நாங்க பிரியுற நேரத்துல நீ எப்படி இருக்கியோ, அதை ரெண்டு பேருமாப் பங்கு போட்டுத் தூக்கிட்டுப் போவோம். அவ்வளவுதான்."

"அப்போ கொஞ்சம் பொறுங்க. சூடு தணியும். என் பழைய எடை வந்துடும்."

"அதுவரைக்கும் நீ இருக்கணுமேம்மா," என்றான் பாசிட்ரான்.

அனலின் மூச்சு முதுகில் பட்டது. அடுத்த இடி விழுந்தால் அவளும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பொறுத்தால் ஒருவேளை பெயர் கிடைக்கும். இப்போதே விட்டால் குப்பை நிச்சயம். ஆனால் இங்கே நடந்ததை வெளியே கொண்டுபோக வேறு யார் இருக்கிறார்கள்?

ரோ அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்: "இருக்கிற எடையோடவே போங்கடா."

உடைந்தாள்.

இரட்டையர் வெளியே வந்து தட்டில் ஏறினார்கள். தராசு முகம் சுளித்தது. "ரோ பிள்ளைகளா? எடை குறையுதே. தள்ளு குப்பையில."

பின்னாலேயே இன்னொரு ஜோடி வந்தது. எடை கூடுதல். குப்பை. அடுத்த ஜோடியும் பொருந்தவில்லை. அதற்கடுத்ததும் அப்படியே. குப்பைமேடு உயர உயரத் தராசின் முள் நடுங்கியது. ஒருத்தி எடை தப்பலாம். உள்ளேயிருந்து வருகிற எல்லாருக்குமா தப்பும்?

"ஏம்பா," என்று மெல்லக் கேட்டது தராசு, "உள்ளே அவ்வளவு சூடா?"

குப்பையிலிருந்து எலக்ட்ரான் சொன்னான்: "ஐயா, எங்கம்மாவை நிறுத்தது போதும். அவளைச் சுட்டவனை நிறுத்துப் பாருங்க. எடை எவ்வளவு மாறியிருக்கோ, அவ்வளவு அவன் சூடு."

தராசு குனிந்தது. தள்ளிய இரட்டையரைத் தானே எடுத்துத் தட்டில் வைத்து, "ரோ" என்று உரக்கப் பெயர் சொன்னது. அன்று தட்டில் ஏறியது அவள் பிள்ளைகள். முள் காட்டியது அனலின் சூட்டை.