வைரவருக்குப் படைச்ச சாக்லேட்டு

தள்ளிப் படு அம்மிணி, இந்தக் கெழட்டு அப்பிச்சிக்கும் கொஞ்சம் எடம் வேணுமல்ல. மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருந்தது போதும். சாயந்தரம் உங்கையில இருந்த சாக்லேட்டப் பிடுங்கினதுக்கு இன்னுமா கோவம்? கட்டிலுக்கு அடியில படுத்திருக்கானே உன்ற நாய்க்குட்டி, அவன் வாய்க்கிட்ட அத நீட்டுன, நான் கத்திப்போட்டேன். ஏன் கத்துனேன்னு கதையாவே சொல்றேன். நீ "ம்" போட்டுட்டே வரோணும். "ம்" நின்னா கதையும் நின்னுரும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு சாக்லேட்டுக் கிண்டுற அம்மா இருந்துச்சு. எந்த ஊருன்னா, குன்னூருன்னே வெச்சுக்க. சன்னலத் தொறந்தா மஞ்சு உள்ள வந்து அடுப்படி வரைக்கும் எட்டிப் பாத்துட்டுப் போற ஊரு. அந்தம்மா பேரு தெய்வானை. வீட்லயே சாக்லேட்டுச் செஞ்சு கடைத்தெருவுக்குக் குடுக்கும். பெரிய குண்டாவுல தண்ணி தளதளன்னு கொதிக்கும், அதும்மேல இன்னொரு பாத்திரம், அதுல சாக்லேட்டு குளுக் குளுக்குனு உருகும். அந்த வாசம் இருக்குதே, சேலைல இருக்கும், தலகாணில இருக்கும், சோத்துல கூட இருக்கும். இப்பவும் எங்கயாச்சும் அந்த வாசம் அடிச்சா நான் நின்ன எடத்துலயே நின்னுருவேன். சரி, அது கெடக்கட்டும்.

"ம்."

அப்புறம், அந்தம்மாவுக்கு ஒரு வீட்டுக்காரரு. கொஞ்சம் கோவக்காரரு. ஆனா நல்ல மனுசன், பாக்கவும் லட்சணமா இருப்பாரு.

"உங்களாட்டமா அப்பிச்சி?"

குறுக்க பேசப்படாது. அப்புறம் ஒரு நாய். வெள்ளையா, குட்டியா, ஒரு கையில தூக்கிக்கலாம். பேரு பொரி. தெய்வானை காலடியிலயேதான் கெடக்கும். அந்தம்மா நடந்தா நடக்கும், உக்காந்தா உக்காரும். வீட்டுக்காரரு பிஸ்கோத்த நீட்டினாக் கூட அந்தம்மா மொகத்தப் பாத்துட்டுத்தான் வாங்கும். அதுல அவருக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் பொறாமைதான்.

தேய்பிறை அஷ்டமி வந்துச்சுன்னா வைரவருக்குப் பூசை. நாய்தானே வைரவருக்கு வாகனம்? அதனால பொரிக்கும் அன்னைக்கு விரதம். பூசை முடியற வரைக்கும் ஒண்ணும் தராம, அப்புறம் குளிப்பாட்டி, நெத்தியில சந்தனம் வெச்சு, செவ்வந்தி மாலை போட்டு, அந்தம்மா கையாலயே வெல்லப் பணியாரம் ஊட்டும்.

அந்த அஷ்டமிக்கு என்னாச்சுன்னா, ஒரு பெரிய கடையிலருந்து புதுசாக் கேட்டிருந்தாங்க. பால் சாக்லேட்டு இல்ல, கன்னங்கரேல்னு கசப்பு சாக்லேட்டு. மொதத் தடவையாக் கிண்டி, தட்டுல ஊத்தி, கட்டி கட்டியா வெட்டி வெச்சிருந்துச்சு. இந்தத் தொழில் நல்லா வரோணும், மொதப் பங்கு வைரவருக்குன்னு நெனச்சுது. அன்னைக்குப் பணியாரம் சுடல. ஒரு கட்டிய எடுத்து நீட்டுச்சு. பொரி மோந்து பாத்துச்சு, லபக்குன்னு முழுங்கிருச்சு. வால் படபடன்னு ஆடுது. பாவம், காலைலருந்து பட்டினியா இருந்துச்சல்ல. இன்னொண்ணு குடுத்துச்சு. அப்புறம் கை நெறைய அள்ளி வெச்சுது. சாமி வாங்கிக்கிச்சுன்னு அந்தம்மாவுக்கு அவ்வளவு சந்தோசம்.

"ம்..."

மத்தியானம் திரும்புச்சு. பொரி நிக்க மாட்டேங்குது, படுக்க மாட்டேங்குது. மாலையோடயே வீட்டச் சுத்திச் சுத்தி வருது. ஹெ ஹெ ஹெ ஹெ-ன்னு எரைக்குது. தண்ணியக் குடிக்குது, உவ்வேன்னு கக்குது. தூக்கி நெஞ்சுல கைய வெச்சா, தடதட தடதடன்னு அடிக்குது. தெய்வானை வீட்டுக்காரரப் பாத்துச்சு. "ஏனுங்க, இன்னைக்கு அது வேற ஒண்ணுமே திங்கலைங்க. நாங் குடுத்தது மட்டுந்தானுங்க" அப்படின்னுச்சு.

அப்போ பக்கத்து வீட்டு ரங்கம்மா வந்துச்சு. "சூடு புடிச்சிருக்கும், பாலக் குடு" ன்னுச்சு. குடுத்தாங்க. சளப் சளப்புனு நக்குச்சு, திருப்பியும் கக்குச்சு. கொஞ்சமும் அடங்கல.

அப்புறம் டீக்கடை ஆறுமுகம் வந்தான். "சும்மா வேடிக்கை பாக்காம, பாலு கெடந்து என்ன பண்ணும், உப்பக் கரைச்சு ஊத்துங்க. எல்லாம் வெளிய வந்துரும்." அவனே ஒரு சொம்புல உப்பப் போட்டுக் கலக்கினான்.

அப்புறம் தபால்காரரு. சைக்கிள்ல ஒரு கால ஊனிக்கிட்டே, "நாய்க்கு அதெல்லாம் தன்னால சரியாப் போயிரும். காலைல பாருங்க" ன்னு சொல்லிட்டு மணிய அடிச்சுட்டுப் போயிட்டாரு.

வீட்டுக்காரரு உப்புத் தண்ணிச் சொம்பக் கையில எடுத்தாரு. அப்போ தெய்வானை அவரு கையப் புடிச்சுக்கிச்சு. "வேண்டாமுங்க. தெரியாம ஒண்ணு குடுத்துத்தான் இப்படி ஆச்சு. தெரியாம இன்னொண்ணும் குடுக்கோணுமா?" ன்னு கேட்டுச்சு. அவரு சொம்பக் கீழ வெச்சுட்டாரு. தூங்கிட்டியா?

"இல்ல. பொரி செத்துருமா?"

கேளு. மாவு மில்லுல ஒரு போன் இருந்துச்சு. அந்தம்மா பொரிய சால்வைல சுத்தி நெஞ்சோட அணைச்சுட்டு மில்லுக்கு ஓடுச்சு. மாட்டாஸ்பத்திரிக்குப் போன் போட்டா, ஒரு டாக்டரம்மா எடுத்தாங்க. அவங்க பதறல. கேள்வியாக் கேட்டாங்க. கறுப்பா, பாலு போட்டதா? எவ்வளவு தின்னுச்சு? எப்பத் தின்னுச்சு? நாய் எத்தாச்சோடு, எவ்வளவு எடை இருக்கும்? தெய்வானை எதையும் மறைக்கல, கொறச்சும் சொல்லல. கை நெறைய நானே ஊட்டுனேன்னு சொல்லுச்சு. உப்புத் தண்ணி ஊத்தலாமான்னும் கேட்டுச்சு.

டாக்டரம்மா சொன்னாங்களாம்: "சாக்லேட்டு நாய்க்கு வெசம்மா. நாம செரிச்சுருவோம், அதால முடியாது. கறுப்பா இருந்தா இன்னும் மோசம், நாய் சின்னதா இருந்தா அதவிட மோசம். உப்புத் தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, அதுவே கொன்னுரும். நீங்களாக் கக்க வைக்காதீங்க, காலைல பாக்கலாம்னும் இருக்காதீங்க. தின்னதுல மிச்சம் ஒரு கட்டிய எடுத்துட்டு இப்பவே வாங்க."

அப்புறம் கேரட்டு ஏத்துற ஜீப்பு ஒண்ண மறிச்சு ஏறினாங்க. டுர்ர் டுர்ர்னு வளைவு வளைவா ஏறுது. மூட்டைக்கு நடுவுல பொரி வெடவெடன்னு நடுங்குது. தெய்வானை சொல்லிட்டே வந்துச்சு, "சாமிக்குன்னுதானே குடுத்தேன், சாமிக்குன்னுதானே குடுத்தேன்" னு. வீட்டுக்காரரு அந்தம்மா முதுகுல கைய வெச்சாரு. வேற என்ன பண்ணத் தெரியும் அவருக்கு?

"ம்."

அங்க டாக்டரம்மா கட்டிய மோந்து பாத்தாங்க. நாயத் தராசுல நிறுத்தாங்க. ஒரு ஊசி போட்டாங்க, கொடகொடன்னு கறுப்பா வாந்தி வந்துச்சு. அப்புறம் கரித்தூளக் கரைச்சு உள்ள விட்டாங்க, அது வெசத்த உறிஞ்சிக்குமாம். கால்ல சின்னதா ஒரு குழாயச் சொருகி சொட்டு சொட்டுன்னு மருந்து ஏத்துனாங்க. "நல்லவேளை இப்பயாச்சும் வந்தீங்க. தின்னவொடனே போன் பண்ணியிருந்தா இந்த நடுக்கமே வந்திருக்காது. இங்க இருக்கட்டும், காலைல வாங்க" ன்னாங்க. வீட்டுக்கு வந்தா, செவ்வந்தி மாலை வாசல்லயே கெடக்குது. அத எடுத்துப் போட ரெண்டு பேருக்கும் மனசு வரல.

பொழுது விடிஞ்சு போனாங்க. ஆஸ்பத்திரி மேசை மேல பொரி படுத்திருக்குது. கண்ணு தொறந்திருக்குது. நெஞ்சு அடங்கி, டிக் டிக்குனு நிதானமா அடிக்குது. பொழச்சிக்கிச்சு. "வெறும் சோத்தக் கொழைய வடிச்சு ஊட்டுங்க" ன்னாங்க டாக்டரம்மா. தெய்வானை சோறு கொண்டாந்திருந்துச்சு. ஆனா கிண்ணத்த வீட்டுக்காரருகிட்ட நீட்டிருச்சு. "நீங்களே குடுங்க. என்ற கைல வேண்டாம்" னு, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிச்சு.

அவரு ஒரு உருண்டை புடிச்சு நீட்டுனாரு. பொரி பாத்துச்சு. வாயத் தொறக்கல. மெல்ல எந்திரிச்சுது. காலு தள்ளாடுது. மேசையோட ஓரத்துக்கு நடந்து போயி, அந்தம்மா இடுப்புக்குப் பக்கத்துல மூக்க விட்டு, ஒளிச்சு வெச்ச கையத் தேடுச்சு. மூக்கால முட்டி முட்டி இழுத்துச்சு. வெறுங்கைதான், ஒண்ணுமே இல்ல. அத நக்குச்சு, வால ஆட்டிட்டே.

அப்பத்தான் தெய்வானை அழுதுச்சு. அதுவரைக்கும் அழவே இல்ல. "எதுக்கு அழுகறே, பொழச்சிக்கிச்சல்ல?" ன்னு வீட்டுக்காரரு கேட்டாரு. "இதுக்கு எம்மேல சந்தேகமே வரலைங்க. இப்பவும் நாங் குடுத்தா அந்தக் கறுப்புக் கட்டியத் தின்னும்" னு சொல்லுச்சு. சொல்லிட்டு அந்தக் கையாலயே சோத்தப் பெசஞ்சு ஊட்டுச்சு. கடேசிப் பருக்கை வரைக்கும் தின்னுச்சு பொரி.

அதுக்கப்புறம் அந்த வீட்டு அஷ்டமிக்கு வெறும் சோத்து உருண்டைதான். சாக்லேட்டெல்லாம் எட்டாத பரண்மேல. பொரி கெழடாகி, காது கேக்காமப் போற வரைக்கும் இருந்துச்சு.

"அப்பிச்சி, தெய்வானை நம்ம அமுச்சிதானே?"

...ஆமா அம்மிணி. உங்க அமுச்சிதான், உங்கம்மாளப் பெத்தவ. அவ இருந்திருந்தா சாயந்தரம் கத்தியிருக்க மாட்டா, பக்கத்துல உக்கார வெச்சு நல்லாச் சொல்லியிருப்பா. எனக்கு அந்தப் பக்குவம் வராது.

"நாளைக்கு நான் குட்டிக்கு என்ன குடுக்கட்டும்?"

சோறு குடு. உங்கையாலயே குடு. சரி, கதை வால மடக்கிக் கட்டிலுக்கு அடியில சுருண்டுக்கிச்சு. நீயும் போர்வைக்குள்ள சுருண்டுக்க.

"ம்..."