கோணல் எலி

ஏரிக்கரை வளை ஒன்றில் வடிவு என்ற வெள்ளெலி குடியிருந்தாள். அவளுக்கு மூன்று குட்டிகள். மூத்தவன் துடியன், அடுத்தவள் செல்லாயி, கடைக்குட்டி பஞ்சு. மூன்றும் ஓரிடத்தில் இருக்காது. தப்பித்தவறி இருந்துவிட்டால், காய்ச்சலோ என்று வடிவு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்!

அன்றைக்கு விடிந்ததிலிருந்து வளைக்கு எதிரே, கோரைப்புல் மறைவில், ஒரு காட்டுப்பூனை உட்கார்ந்திருந்தது. வளைக்குப் பின்வாசல் ஒன்று இருந்தது. போன மழையில் அது இடிந்து மூடிக்கொண்டது. "நாளைக்குத் தோண்டலாம், நாளைக்குத் தோண்டலாம்" என்று வடிவு தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். இப்போது தலையில் அடித்துக்கொண்டு என்ன பயன்? இனிமேல் தோண்டினால், சத்தம் கேட்டுப் பூனை அந்தப் பக்கம் போய் நின்றுகொள்ளும். மிச்சம் இருப்பது ஒரே வாசல். அந்த வாசலில் எமன் உட்கார்ந்திருக்கிறான்.

கரை மண் கெட்டி. பூனையால் தோண்ட முடியாது. காலை உள்ளே விட்டால் வாசல்படி வரைக்கும்தான் எட்டும். ஆகவே குட்டிகள் உள்ளேயே இருந்தால் உயிருக்கு ஆபத்து இல்லை. உள்ளேயே இருக்க வேண்டுமே! பாடு அங்கேதான்.

"அம்மா, பூனை போயிடுச்சா?"

"இல்ல."

"இப்ப?"

"இப்பத்தானடா கேட்டே!"

"இப்ப போயிருக்கும்மா. நான் லேசா எட்டிப் பார்க்கட்டா?"

"பாரு! பார்த்தா காலை ஒடிச்சுடுவேன்!"

துடியன் அறைக்கும் வாசலுக்குமாக ஓடினான். செல்லாயி சுவரைச் சுரண்டினாள். பஞ்சு அக்காவின் காதைக் கடித்தது. அக்கா திருப்பிக் கடித்தாள். ஒரே கூச்சல்! வெளியே பூனை காதைத் தூக்கிக் கேட்டது. 'கத்துங்கள், கத்துங்கள்! இப்படிக் கத்துகிற பிள்ளைகள் எப்படியும் வெளியே வரும்' என்று மீசையை நக்கிக்கொண்டது.

வடிவுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், வாசலைப் பார்த்தாள், குட்டிகளை எண்ணினாள். எண்ணி முடிப்பதற்குள் ஒன்று நகர்ந்துவிடும். மறுபடி எண்ணினாள். சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"வாங்கடா! இலந்தை வடை தட்டலாம்!"

"ஐயா!" என்று மூன்றும் குதித்தன.

இலந்தை வடைக்கு அடுப்பு வேண்டாம், சட்டி வேண்டாம், காசு வேண்டாம். பழத்தைக் கொட்டையோடு போட்டு மிதிக்க வேண்டும். பிசுபிசுவென்று வந்ததும் வட்டமாகத் தட்டி வெயிலில் வைத்தால் தீர்ந்தது. வளையின் மூலையில் இலந்தைப் பழம் குவிந்து கிடந்தது. குட்டிகள் ஏறி மிதித்தன. கால் ஒட்டியது, வால் ஒட்டியது, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு சிரித்தன. பூனை ஞாபகமே போய்விட்டது!

அப்படியே விட்டிருக்கலாம் அல்லவா? வடிவு விடவில்லை.

துடியன் ஒரு வடை தட்டினான். அது வட்டமாக இல்லை. ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, ஏதோ மாதிரி இருந்தது.

"என்னடா இது, செருப்புக் கணக்கா? கொடு இங்கே!" வடிவு வாங்கி அழகாகத் தட்டி வைத்தாள்.

செல்லாயி தட்டியதில் நடுவில் ஓட்டை. "கொடு இங்கே!" பஞ்சு தட்டவே இல்லை, தின்றுகொண்டிருந்தது. "கொடு இங்கே! எல்லாத்தையும் எச்சில் பண்ணிட்டே!"

வடிவு கெட்டிக்காரி. அவள் கை பட்டால் எதுவும் கச்சிதமாக இருக்கும். வடைகள் நிலா நிலாவாக வரிசையில் நின்றன. 'ஆகா, என்ன லட்சணம்!' என்று அவளே மெச்சிக்கொண்டாள். கடைசி வடையையும் தட்டிவிட்டுத் திரும்பினால், துடியனைக் காணோம்!

"துடியா!"

அவன் வாசலில் இருந்தான். மூக்கு வெளியே நீண்டிருந்தது. பளீரென்று ஒரு பாதம் வந்து விழுந்தது! வடிவு பாய்ந்து அவன் பின்னங்காலைப் பிடித்து இழுத்தாள். துடியன் உள்ளே வந்து விழுந்தான். வால் நுனியில் இருந்த குஞ்சம் மட்டும் பூனையின் நகத்தோடு போயிற்று.

வடிவு மகனை ஓர் அறை அறைந்தாள். உடனே கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஏண்டா போனே? வடை தட்டிக்கிட்டுத்தானே இருந்தோம்?"

"நீதானே தட்டினே!" என்று துடியன் விம்மினான். அந்தப் பதட்டத்தில் அது அவள் காதில் ஏறவில்லை.

கரைமேல் இருந்த வேலமரத்தில் பவுனு என்ற மைனா உண்டு. நல்லவள்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"வடிவக்கா! பூனை இன்னும் கிட்ட நகர்ந்து உட்கார்ந்திருக்கு. பசி அதுக்கு மூஞ்சியிலேயே எழுதியிருக்கு! பொழுது சாயுறவரைக்கும் போகாது போல. பிள்ளைங்களைக் கட்டிப்போட்டு வையுங்க!"

"கட்டிப்போட்டா நிக்கிற பிள்ளைங்களா இதுங்க?" என்றாள் வடிவு உள்ளேயிருந்து.

"எங்க வீட்டுப் பிள்ளைங்களைப் பாருங்க. சுள்ளியைக் கையில கொடுத்தா அலுங்காம அடுக்கிக்கிட்டு இருக்கும். ஒரு சுள்ளி பிசகாது. வளர்க்கிற வளர்ப்பு!"

வடிவுக்குச் சுருக்கென்றது. 'இவள் பிள்ளைகள் மட்டும்தான் கெட்டிக்காரப் பிள்ளைகளா? என் பிள்ளைகளுக்கு என்ன குறைச்சல்?' என்று பொருமினாள்.

"பவுனு! சாயங்காலம் எங்க பிள்ளைங்க செய்யிற மண்பொம்மையை வாசல்ல வைக்கிறேன். கண்ணைத் திறந்து பாரு!" என்று கத்தினாள்.

வளைச் சுவரில் ஈரக்களிமண் இருந்தது. ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்தாள். "ஆளுக்கொரு எலி செய்யுங்க. அசல் எலி மாதிரி இருக்கணும், ஆமா!"

குட்டிகள் பிசைந்தன. கொஞ்ச நேரம்தான். வடிவின் கை குறுகுறுத்தது.

"மூக்கு ஏண்டி பூசணிக்காய் மாதிரி இருக்கு? கொடு இங்கே."

"வால் கோணல்டா. கொடு இங்கே."

மூன்று உருண்டையும் அவளிடம் வந்து சேர்ந்தன. மூன்றையும் ஒன்றாக்கி, ஒரே எலியாகச் செய்தாள். பூச்சி வராமலிருக்கப் பரப்பி வைத்திருந்த நொச்சி இலையை எடுத்து, பொம்மையைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். ஓடிவிடுமோ என்று பயம் வரும், அவ்வளவு அசல்!

"எப்படி?" என்று நிமிர்ந்தாள்.

பஞ்சு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தது. செல்லாயி சுவரைச் சுரண்டப் போய்விட்டாள். துடியன் மறுபடியும் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டும் புத்தி வரவில்லை!

"ஏண்டா மறுபடியும் வாசலைப் பார்க்குறே?"

"வேற என்னத்தைப் பார்க்கிறது? எல்லாம் நீயே செய்யிறே. நாங்க எதுக்கு?"

வடிவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை முழுக்க மண். குட்டிகளின் கைகளைப் பார்த்தாள். ஒட்டிய மண் உதிர்ந்து, எல்லாம் வெறுங்கையாக இருந்தன. ஓங்கிய கையை அவள் மெல்லக் கீழே இறக்கினாள்.

"சரி. மண்ணு அங்கே இருக்கு. நீங்களே செய்யுங்க. நான் தொடமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா!"

நம்ப மாட்டேன் என்கிறது பஞ்சு. அதனால் வடிவு தன் இரண்டு கைகளையும் கீழே வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அடடா, அந்தப் பாடு இருக்கிறதே! மூன்றும் சேர்ந்து ஒரு பெரிய எலி செய்தன. தலை உடம்பைவிடப் பெரிதாக வந்தது. வடிவு பல்லைக் கடித்தாள். "எலின்னா எலும்பு இருக்கணும்ல?" என்று துடியன் கூழாங்கற்களைப் பொறுக்கி உள்ளே செருகினான். 'களிமண்ணில் கல் சேர்த்தால் வெடிக்குமே!' என்று வடிவின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். கல் செருகியதும் எலி இரண்டாகப் பிளந்தது. செல்லாயி யோசித்தாள். மிச்சமிருந்த இலந்தைக் கூழை அள்ளி அப்பினாள். ஒட்டிக்கொண்டது! "முடி?" என்றது பஞ்சு. மூன்றும் தங்கள் வயிற்று முடியைப் பிய்த்துப் பொம்மைமேல் ஒட்டின. நக்கி நக்கி எச்சிலாலேயே வழித்தன. அதன்மேல் உருண்டன, கட்டிப்பிடித்தன, சண்டை போட்டன, சமாதானம் ஆயின.

வெகுநேரம் யாரும் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. 'இப்ப போயிடுச்சா?' என்று யாரும் கேட்கவும் இல்லை. வடிவின் கைதான் மரத்துப்போயிற்று.

"முடிஞ்சுது! காய வைக்கணும்மா!"

வாசல்படியில் மட்டும்தான் வெயில் விழுந்தது. குட்டிகளை உள்ளே நிறுத்திவிட்டு, வடிவு ஒரு கோரைத் தண்டை எடுத்தாள். தன் பொம்மையை முதலில் தள்ளி, பவுனு கண்ணில் படும்படி முன்னால் நிறுத்தினாள். அந்த ஆசை மட்டும் விடவில்லை! குட்டிகளின் கோணல் எலியைப் பின்னால், நிழலோரமாகத் தள்ளினாள். பிறகு எல்லோரும் உள்ளறைக்குப் போனார்கள்.

வெளியே பூனைக்குப் பொறுக்கவில்லை. காலையிலிருந்து பட்டினி. இவ்வளவு நேரம் கூச்சல் கேட்டது. இப்போது சத்தமே இல்லை. 'வேறு வழியாகத் தப்பித்துவிட்டனவோ?' என்று பதறியது. எழுந்து வளைக்கு வந்து தலையை நுழைத்தது. எதிரே ஓர் எலி! அப்படியே அசல் எலி!

பூனை மோந்து பார்த்தது. குப்பென்று நொச்சி நெடி.

"தூ! மண்பொம்மை! யாரை ஏமாற்றப் பார்க்கிறீர்கள்?" என்று ஒரே தட்டில் அதை நொறுக்கியது. வடிவின் நெஞ்சும் கூடவே நொறுங்கியது.

அடுத்து மூக்கை இன்னும் உள்ளே நீட்டியது. ஆ! எலிக்குட்டி வாசனை! எச்சில் வாசனை, முடி வாசனை, பால் மணம் மாறாத உடம்பு வாசனை! அரையிருட்டில் கொழுகொழுவென்று ஏதோ தெரிந்தது. கண்ணால் பார்க்க அதற்கு ஏது பொறுமை? பாய்ந்து, இருக்கிற பல் எல்லாம் பதிய ஒரே கடி!

கடக்!

முன்பல் ஒன்று தெறித்தது. "ஐயோ!" என்று கத்தப் பார்த்தது. வாய் திறக்கவில்லை! களிமண்ணும் இலந்தைக் கூழும் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்து அப்பிக்கொண்டன. மூக்கில் முடி ஏறியது. தும்மக்கூட வழியில்லை. பூனை ஏரித் தண்ணீரைப் பார்த்து ஓடியது பாருங்கள், வாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

"வடிவக்கா! போயிடுச்சு! அக்கரைக்கே போயிடுச்சு!" என்று பவுனு கூவினாள். "அது என்னக்கா பொம்மை, அவ்வளவு அசிங்கமா இருந்துச்சு? யார் செஞ்சது?"

வடிவு தலையை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "எங்க பிள்ளைங்க செஞ்சது! மூணு பேரும் அவங்களே செஞ்சது! நான் ஒரு விரல் வைக்கலே!" என்றாள்.

உள்ளே பஞ்சு மூக்கை உறிஞ்சியது. "எங்க எலியைப் பூனை தூக்கிட்டுப் போயிடுச்சே!"

"வேற செய்யலாம்டா. மண்ணுக்கா பஞ்சம்? முதல்ல பின்வாசலைத் தோண்டுவோம், அந்த மண்ணிலேயே செய்வோம்."

நால்வரும் தோண்டினார்கள். துடியன் தோண்டிய பக்கம் கோணலாகப் போயிற்று. "கொடு..." என்று வடிவு வாயெடுத்தாள். அப்புறம் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை செய்யும் கோணலைப் பிடுங்கி நாம் நேராக்கினால், வேலை நம் கைக்கு வரும்; பிள்ளை நம் கையைவிட்டுப் போய்விடும்.